மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு: ஹிந்து பேப்பரில் அப்படி என்னதான் விசேஷம்?

கேள்வி (வாசகர் ஒருவர்) – 4 ஜனவரி

1878-ல் ஆரம்பித்த பேப்பர் என்று இன்னும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுதந்திரத்துக்கு முன்னால் ஏதோ செய்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் எந்த ஆட்சி வந்தாலும் அனுசரித்துப் போன பேப்பர்தானே? என் மாமனார் மட்டும் "ஹிந்துல வந்தாத்தான் செய்தி" என்பார். அதில் அப்படி என்ன விசேஷம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

4 ஜனவரி, இரவு

உங்கள் மாமனார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்த மரியாதை தலையங்கத்தால் வந்ததில்லை, பொடி எழுத்தில் வந்தவற்றால் வந்தது என்பது என் கட்சி.

நான் மாம்பலத்தில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வெகுகாலம் வரி விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவன். எல்லாப் பத்திரிகைக்கும் வாங்குவோம். வீடு வாடகைக்கு, டியூஷன், பழைய ஸ்கூட்டர் என்றால் எதில் ரேட் குறைவு என்று கேட்பார்கள். சாவு, கல்யாணம், தொலைந்த பத்திரம், பாகப்பிரிவினை வழக்கு என்றால் ரேட்டே கேட்க மாட்டார்கள். "ஹிந்துல போட்டுடுங்க" என்பார்கள், அவ்வளவுதான். அதை வாசிக்கவே தெரியாதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆங்கிலம் தெரியாத ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையில் தன் பெயர் வர வேண்டும் என்று காசை எண்ணி வைக்கிறார் என்றால், அவர் செய்தி சொல்ல வரவில்லை. சாட்சி வாங்க வந்திருக்கிறார்.

மீதி நாளைக்கு.

—

5 ஜனவரி

ஆரம்பம் தெரியாதவர்களுக்காக. 1878 செப்டம்பர் 20. திருவல்லிக்கேணியில் ஆறு பேர். ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் இரண்டு பேரும் பச்சையப்பன் ஆசிரியர்கள். மற்ற நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர்கள். கையில் இருந்தது கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. தங்கசாலைத் தெருவில் ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதி அடித்தார்கள். வாரப் பத்திரிகை, விலை நாலணா.

எதற்காக அடித்தார்கள் என்பதுதான் முக்கியம். தி. முத்துசாமி ஐயரை மதராஸ் உயர்நீதிமன்ற நீதிபதியாகப் போட்டார்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் குதியாய்க் குதித்தன. பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு தாள் இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்த பேப்பர் இது. நடுநிலை, நிதானம் என்று இன்றைக்கு யார் மெச்சினாலும், பிறந்தது ஒரு சண்டையில்தான், அதுவும் பிறத்தியார் வேலைக்காக.

1883 அக்டோபரில் வாரம் மூன்று முறை. அதே டிசம்பரில் மவுண்ட் ரோடு 100-ம் எண்ணுக்குக் குடிபோனார்கள். 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழ், அதுவும் சாயங்காலப் பேப்பர்.

—

5 ஜனவரி, சற்றுப் பின்

"கஸ்தூரி குடும்பம் ஆரம்பித்த பேப்பர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கஸ்தூரி ரங்க ஐயங்கார் அதை விலைக்கு வாங்கியது 1905-ல், 75,000 ரூபாய்க்கு. கும்பகோணத்துக்குப் பக்கம் இன்னம்பூர்க்காரர், கோயம்புத்தூரில் வக்கீல். 1895 முதல் பத்திரிகையின் சட்ட ஆலோசகர், ஆக உள்ளே இருந்த ஓட்டை எல்லாம் தெரிந்தேதான் வாங்கினார். அப்போது சர்க்குலேஷன் 800. எண்ணூறு பிரதி ஓடுகிற, கடனில் கிடக்கிற பத்திரிகைக்கு அந்தக் காலத்து முக்கால் லட்சம்! வீட்டில் என்ன சொன்னார்களோ.

—

6 ஜனவரி

இன்னொன்று. சுப்பிரமணிய ஐயர் ஏன் வெளியே போனார் என்று கேட்டவருக்கு: அவர் சீர்திருத்தத்தை அச்சில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1889-ல் விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். சந்தா கட்டுகிற மயிலாப்பூருக்கு எப்படி இருந்திருக்கும்? அரசாங்கத்தைத் திட்டினால் கைதட்டுவார்கள், அகத்து வழக்கத்தைத் தொட்டால் பேப்பரை நிறுத்துவார்கள். கூட்டாளி வீரராகவாச்சாரியார் கணக்குப் பார்க்கிற மனிதர். 1898-ல் பிரிந்தார்கள். ஐயர் 1882-லேயே தான் தொடங்கி வைத்திருந்த சுதேசமித்திரன் என்ற தமிழ்ப் பத்திரிகையோடு போய்விட்டார்.

சுதேசமித்திரன் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஞாபகப்படுத்துங்கள்.

—

8 ஜனவரி

"பொடி எழுத்து, பொடி எழுத்து என்கிறீரே, ஒன்று விவரமாகச் சொல்லும்" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

இரங்கல் விளம்பரம். சாயங்காலம் ஷட்டர் இறக்கப் போகும்போதுதான் வருவார்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை, பிள்ளைகள் வீட்டில் காரியத்தில் இருப்பார்கள். கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதில் பென்ஷன் ஆபீஸ் ஸ்டாப்ளர் குத்திய ஓட்டை. நாளைக் காலை வந்தாக வேண்டும், ஏனென்றால் எடுப்பது பத்து மணிக்கு. பேப்பரைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

நான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். பெயர், வயது, "ரிட்டயர்டு சூப்பரின்டெண்டிங் இன்ஜினியர்". இதுவரை ஓடிவிடும். "வருந்தும்" என்று போட்டுப் பெயர் வரிசை எழுத ஆரம்பித்ததும் வண்டி நின்றுவிடும். மூத்த பிள்ளை அமெரிக்காவில், வரவில்லை. அவன் பெயர் முதலிலா? சண்டை போட்டுக்கொண்டு போன இரண்டாவது மருமகள் பெயர் உண்டா இல்லையா? மாப்பிள்ளை வெளியே போய் போன் பேசிவிட்டு வருவார், முகம் மாறியிருக்கும். "அடிச்சுடுங்க" என்பார். அடித்துவிடுவேன். கால் மணி கழித்துக் கடைக்கே போன் வரும், இந்த முறை அந்த வீட்டுப் பெரியம்மா: "அவ பேரு இருக்கட்டும்பா. பேப்பர்ல இல்லேன்னா நாளைக்கு இல்லவே இல்லேன்னு ஆயிடும்."

இதற்கு மேல் நான் என்ன விளக்க? அந்த அம்மாள் ஒரு நாள் செய்தியைப் பற்றிப் பேசவில்லை. சொத்துக்கு, உறவுக்கு, இருபது வருஷம் கழித்து யாரோ கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் எழுதி வைத்தார். சுபஸ்வீகாரம் (பதின்மூன்றாம் நாள் சடங்கு) தேதி வரை போட்டு முடித்தபின் அந்தத் துண்டை வெட்டி லாமினேட் செய்து வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு.

அதே வேலைக்குத் தினத்தந்தியிலும் கொடுப்பார்கள், அதற்குத்தான் ஊர் திரண்டு வரும். வருவதற்கு அது, வைத்துக்கொள்வதற்கு இது.

—

8 ஜனவரி, இரவு

கோர்ட் அறிவிப்பு பற்றி ஒரு வக்கீல் நண்பர் கேட்டது. ஆமாம் சார், "பேப்பர் பப்ளிகேஷன்" என்று உங்கள் குமாஸ்தாக்கள் கொண்டுவருவது. சம்மன் சேரவில்லை, பிரதிவாதி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றால் நீதிமன்றம் பேப்பரில் போடச் சொல்லும். பிரதிவாதி கடைசியாக இருந்த ஊரில் புழங்குகிற பேப்பராக இருக்க வேண்டும் என்பது சட்டம். எனக்குத் தெரிந்த சில கெட்டிக்காரர்கள் ஆங்கிலம் படிக்காத பிரதிவாதிக்கு வேண்டுமென்றே ஆங்கிலப் பத்திரிகையைக் கேட்பார்கள். அறிவிப்பு கொடுத்த மாதிரியும் ஆச்சு, அவன் கண்ணில் படாத மாதிரியும் ஆச்சு. விவரமான நீதிபதி என்றால் "தமிழ்ப் பேப்பர்ல போட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆக பதிவு ஆவது வேறு, சேர வேண்டியவருக்குச் சேருவது வேறு. ஹிந்துவின் பலமும் பலவீனமும் எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் தெரியும்.

—

9 ஜனவரி

ஹிந்துவுக்கு "மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு" என்ற பட்டம் யார் வைத்தது என்று ஐந்தாறு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யார் வைத்தாலும் பொருத்தம். வீட்டு வாசலில் வந்து விழுந்தாலும் பாற்கடலில் பள்ளிகொண்ட தோரணைதான். எழுப்பினால்தான் எழுந்திருப்பார்.

1958 ஜனவரி வரை முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? உலகமே கவிழ்ந்தாலும் செய்தி உள்ளே. முதல் பக்கத்தில் துணிக்கடை, மருந்து, சினிமா. எங்கள் தொழிலுக்குப் பொற்காலம். நான் அப்போது பிறக்கவில்லை, அதுதான் குறை.

—

11 ஜனவரி

"பிராமணப் பத்திரிகை, முடிந்தது கதை" என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். பாதிக்கு மேல் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேட்ரிமோனியல் பக்கத்தை நாங்கள் எழுதிக் கொடுத்த காலத்தில் கோத்திரம், நட்சத்திரம், வடகலை தென்கலை என்று சுருக்கெழுத்திலேயே ஒரு சாதி அகராதி போடலாம். பாக்ஸ் நம்பருக்கு வரும் கவர்களில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகங்கள். பிரித்தால் விரலெல்லாம் மஞ்சள்.

ஆனால் ஒரு விஷயம் சேர்த்துப் பாருங்கள் தோழர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை 1916 டிசம்பரில் எதில் வந்தது? ஹிந்துவிலும் வந்தது. உத்தியோகம் முழுக்க ஒரு சாதி கையில் இருக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு சொன்ன அறிக்கை, அந்தச் சாதிக்காரர் நடத்திய பேப்பரில்! ஐயங்கார் அந்த அறிக்கையை ரசித்திருக்க மாட்டார். ஆனாலும் அச்சேறியது. கொடுத்தவர்களும் அங்கே கொடுக்காமல் இருக்கவில்லை; அங்கே வந்தால்தான் அரசாங்கம் பார்க்கும் என்று தெரியும். வந்த கையோடு, இதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று 1917-லேயே ஆங்கிலத்தில் "ஜஸ்டிஸ்", தமிழில் "திராவிடன்" என்று சொந்தப் பேப்பர் போட்டார்களே, அந்த முடிவும் சரிதான். 1878-ல் அந்த ஆறு பேர் செய்த அதே காரியம், இந்த முறை அவர்களுக்கு எதிர்த்தரப்பில்.

—

11 ஜனவரி, பின்குறிப்பு

காந்தி சமாச்சாரம் கேட்டவருக்கு: 1919-ல் சென்னை வந்தபோது அவர் தங்கிய பங்களா கஸ்தூரி ரங்க ஐயங்காருடையது. ஐயங்காரின் விருந்தாளியாக இருக்கிறோம் என்றே காந்தி இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தார். கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்த ராஜாஜிதான் விருந்தளித்தவர் என்று மகாதேவ தேசாய் எடுத்துச் சொன்னார். காந்தியே எழுதியிருக்கிறார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்க ஹர்த்தால் என்ற யோசனை விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் அவருக்குத் தோன்றியது அங்கேதான்.

—

13 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அனுசரித்துப் போனது பற்றி வாயே திறக்கவில்லையே" என்கிறார். திறக்கிறேன்.

நெருக்கடி நிலை. 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தைக் காலியாக விட்டது. ஹிந்துவிடம் அந்த மாதிரி முறுக்கு எதுவும் இல்லை. ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்றே ஓட்டினார்கள். இதில் வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் விஷயத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே வீட்டிலிருந்து வந்தது. 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி கிளப்பியது. 1988-லிருந்து பத்திரிகையாளர் சித்ரா சுப்ரமணியம் ஜெனீவாவில் தேடி எடுத்த ஆவணங்களை அப்படியே படம் பிடித்த மாதிரி ஹிந்து அச்சிட்டது. அதுவரை ஊழல் செய்தி என்றால் "தெரிய வருகிறது", "நம்பத் தகுந்த வட்டாரம்". இங்கே கணக்கு எண்ணும் கடிதமும் தாளில் கிடந்தன. வக்கீல்கள் எங்கள் கடைக்கு வந்து அந்தப் பக்கங்களை மேஜையில் விரித்து வைத்து, கோர்ட் டாக்குமெண்ட் படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தது ஞாபகம் இருக்கிறது. 1989 அக்டோபரில் ஆசிரியர் ஜி. கஸ்தூரி போதும் என்று நிறுத்திவிட்டார். இணை ஆசிரியராக இருந்த என். ராம் தன் சொந்தப் பத்திரிகையை எதிர்த்தே வெளியே வந்து பேசினார். சித்ரா மீதியை எக்ஸ்பிரஸிலும் ஸ்டேட்ஸ்மேனிலும் எழுதினார்.

இதை எழுதும்போது, முதல் நாள் நான் சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. பொடி எழுத்தின் மரியாதைக்கும் தலையங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி பேசினேன். சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நேர்வழியில் இல்லை. போஃபர்ஸ் ஆவணங்களை எல்லாரும் நம்பியதற்குக் காரணம், அந்தப் பேப்பர் அதற்கு முன்னால் நூறு வருஷம் எதையும் அவசரப்பட்டுச் சொல்லாததுதான். ஜாக்கிரதையாக இருந்து இருந்து சேர்த்த நம்பிக்கை. அதை எடுத்துச் செலவழிக்க வேண்டிய நேரத்திலும் ஜாக்கிரதை வந்து கையைப் பிடித்துக்கொண்டது. நிறுத்தியதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

—

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்து. இன்று மட்டும் சண்டை வேண்டாம்.

—

15 ஜனவரி

சரி, சண்டை.

2003-ஐ விட்டுவிட்டேன் என்று ஒருவர் பிடித்துவிட்டார். அந்த ஏப்ரலில் ஜெயலலிதா ஆட்சியைக் கண்டித்து ஒரு தலையங்கம். நவம்பர் 7 அன்று சட்டமன்றம் உரிமை மீறல் என்று ஹிந்து ஆசிரியர் உள்ளிட்ட ஐந்து பேருக்கும் 15 நாள் சிறை விதித்தது. அதே தலையங்கத்தைத் தமிழில் போட்ட தி.மு.க. நாளிதழ் முரசொலியின் ஆசிரியருக்கும் அதே தண்டனை. மவுண்ட் ரோடு அலுவலகத்துக்குப் போலீஸ் போனது. மூன்றே நாளில் சுப்ரீம் கோர்ட் தடை.

மகாவிஷ்ணு என்று கேலி பேசி வளர்ந்த இயக்கத்தின் பத்திரிகையும் மகாவிஷ்ணுவும் ஒரே வாரண்டில்! 11-ம் தேதி எழுதிய 1916 சமாச்சாரத்தோடு இதையும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் தோழர்.

—

15 ஜனவரி, மாலை

"1878 முதல் ஒரு நாளும் நிற்காத பேப்பர்" என்று எழுதியவருக்கு. பண்டிகை விடுமுறையை விட்டுவிடுங்கள். 2015 டிசம்பர் 2, சென்னைப் பதிப்பு வரவில்லை. அச்சகம் மறைமலை நகரில். வெள்ளத்தில் அச்சக ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. இரண்டு உலகப் போர், தேசப் பிரிவினை, நெருக்கடி நிலை எதிலும் நிற்காதது அடையாற்றுத் தண்ணீரில் நின்றது. அன்று எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர், பேப்பர் வந்திருந்தால் படகில்தான் வந்திருக்கும். 1960-களில் சொந்த விமானம் வைத்து வெளியூருக்குப் பேப்பர் அனுப்பியவர்கள், பாவம்.

—

17 ஜனவரி

சுதேசமித்திரன். இந்தப் பேச்சில் எனக்கு ஆற்றாமை என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

சுப்பிரமணிய ஐயருக்கு 1882-லேயே தெரிந்துவிட்டது, ஆங்கிலத்தில் எழுதினால் கவர்னர் படிப்பார், கடைத்தெரு படிக்காது என்று. அதனால்தான் தமிழில் ஒன்று தொடங்கினார், 1899-ல் அதை நாளிதழாக்கினார். 1904-ல் மதுரையில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்த பாரதியைக் கூட்டிவந்து உதவி ஆசிரியராக உட்கார வைத்தார். தமிழில் அரசியல் செய்தி எழுத நமக்கு இன்று இருக்கும் நடைக்கு அங்கே விழுந்த உழைப்புக்குக் கணக்கில்லை. 1908-ல் ஐயரைக் கைது செய்தார்கள். உடம்பு ஏற்கெனவே நோயில் உருக்குலைந்து கிடந்தது. 1916-ல் போய்ச் சேர்ந்தார்.

ஹிந்து தொடங்கியதற்காக அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை, கவனியுங்கள். தமிழில் எழுதியபோதுதான் ஆட்சிக்கு உறைத்தது.

அப்புறம் அது ஏ. ரங்கசாமி ஐயங்கார் கைக்கு வந்தது. அவரே 1928-ல் ஹிந்துவுக்கும் ஆசிரியரானார். 1985-ல் மித்திரன் நின்றுபோனது. நூறு ஆண்டைத் தாண்டி ஓடிய தமிழ்ப் பத்திரிகை மூடியதற்கு எந்தத் தெருவிலும் கூட்டம் கூடவில்லை. ஹிந்து வீட்டிலிருந்து தமிழ் நாளிதழ் வர 2013 செப்டம்பர் ஆக வேண்டியிருந்தது. இப்போது இந்து தமிழ் திசை. 135 வருஷத் தாமதம். நடுப்பக்கம் நன்றாகப் போடுகிறார்கள், அதனால் கோபத்தைக் குறைத்துக்கொண்டேன்.

—

18 ஜனவரி

குறுக்கெழுத்து பற்றி யாருமே பேசவில்லையே! 1971-ல் ஆரம்பித்தார்கள். போட்டவர் யார் தெரியுமா? கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த முதல் இந்தியர், அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. ஓய்வுக்குப் பின் செய்த வேலைகளில் இதுவும் ஒன்று. எங்கள் கடை முதலாளி காலை காபியோடு அதை முடிக்காமல் ஒரு ரிலீஸ் ஆர்டரிலும் (விளம்பரத்தைப் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு அனுப்பும் சீட்டு) கையெழுத்துப் போட மாட்டார். ஒரு கட்டம் மிச்சம் இருந்தால் எங்களுக்குப் பதினோரு மணி வரை ஏச்சு.

—

19 ஜனவரி

"இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன பங்கு?" என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்.

மேட்ரிமோனியல் இணையத்துக்குப் போயிற்று. வாடகை வீடு போயிற்று. சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் உடல் வீட்டுக்கு வரும் முன் வந்துவிடுகிறது. நான் உட்கார்ந்திருந்த கடையில் இப்போது மொபைலுக்குக் கவர் மாட்டுகிறார்கள். வரி விளம்பரப் பக்கம் இளைத்ததைப் பார்த்தால் தெரியும், சாட்சி தேடி வருகிற கூட்டம் குறைந்துவிட்டது.

மிஞ்சியது ஒன்று. தப்பாகப் போட்டால் மறுநாள் திருத்தம் போடும் வழக்கம். 2006-ல் வாசகர் புகாரை விசாரிக்கவே தனியாக ஒருவரை, கே. நாராயணனை, வைத்தார்கள். நிர்வாகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவர்கள் செய்தியை அவர்களே தப்பு என்று எழுதும் வேலை. வாட்ஸ்அப்பில் உயிரோடு இருப்பவரைச் சாகடித்தவன் மறுநாள் திருத்தம் போட்டு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அந்தத் திருத்தப் பத்தி வரைக்கும் சந்தாவுக்குக் காசு சரியாகப் போய்விட்டது. தலையங்கத்தை நான் இப்போதெல்லாம் மேலோட்டமாகத்தான் பார்க்கிறேன்.

—

20 ஜனவரி

பெயர் மாற்றத்துக்கு எந்தப் பேப்பரில் போடுவது என்று நடுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. தம்பி, முதலில் கெஜட்டுக்கு விண்ணப்பியுங்கள். பேப்பர் விளம்பரம் எந்த அலுவலகத்துக்குக் காட்ட என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று போட்டுவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. முக்கியமாக, பழைய பெயரின் இனிஷியல் சர்டிபிகேட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று ப்ரூஃபில் பாருங்கள். வந்தபின் முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள், துண்டை மட்டும் வெட்டாதீர்கள். மேலே தேதி இருக்காது என்று திருப்பி அனுப்புவார்கள்.